என் அப்பா தீயணைப்பு வீரர் அல்ல

1

எங்கள் மகள் ப்ரியா பிரிஸ்பேனில் இருக்கிறாள். நானும் என் கணவர் மனோவும் ஆக்லாந்தில், பிளாட் புஷ்ஷில். போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் போன் செய்தபோது நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்ததால் மனோவை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். ப்ரியா பேசுவதெல்லாம் ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“அம்மா, ஆகஸ்ட்டில் குழந்தை பிறந்ததும் எனக்கு ஆறு மாதம்தான் லீவு. நீ வந்து ஒரு வருஷம் எங்களோடு இருக்க முடியுமா?”

“வரேன்,” என்றேன்.

போனை வைத்த பிறகு மனோ டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“மலேசியா பாஸ்போர்ட்ட வச்சிக்கிட்டு ஆஸ்திரேலியாவுல ஒரு வருஷம் எப்படி இருப்ப? விசிட்டர் விசாவுல மூணு மாசத்துக்கு ஒரு தடவ வெளிய போய் வருவியா?”

“நியூசிலாந்து பிரஜை ஆயிட்டா இருக்கலாம்தானே.”

அவர் என்னைப் பார்த்தார். அவர் பதினைந்து வருஷங்களுக்கு முன்பே மாறிவிட்டார். ப்ரியா இங்கேயே பிறந்தவள். இந்த வீட்டில் மலேசியக் குடியுரிமையோடு மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். மலேசியர்களான நமக்கு இரண்டு நாட்டுக் குடியுரிமை கிடையாது என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும். மனோ ஒவ்வொரு முறை சொன்னபோதும் நான் நேரமில்லை என்றேன், அடுத்த வருஷம் என்றேன், ஃபாரத்தைக் காணவில்லை என்றேன். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பழைய பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டேன். இங்கே வந்து முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது.

“இத்தன வருஷமா நான் சொன்னப்ப முடியல. அவ ஒரு தடவ கேட்டதும் முடியுதா?” என்றார் மனோ. கோபமாகச் சொல்லவில்லை.

நான் ரசத்தை இறக்கி வைத்தேன்.

2

விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான். பெற்றோர் விவரம் என்று ஒரு பக்கம் வரும். அம்மாவின் பெயர், பிறந்த ஊர், குடியுரிமை. அதை நிரப்பிவிட்டேன். அப்பாவின் பெயர் மாணிக்கம். பிறந்த ஊர் சிகாமாட் பக்கத்தில் ஒரு கித்தா தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம். குடியுரிமை என்ற இடத்தில் எதுவும் எழுதாமல் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு பெண் அதிகாரி போன் செய்தார். நான் ஒடாஹுஹுவில் ஒரு கிளினிக்கில் வாரம் மூன்று நாள் வரவேற்பில் உட்காருகிறேன். மதியச் சாப்பாட்டு நேரம். நல்ல குரல், அவசரமில்லாத குரல்.

“நீங்கள் பிறந்தபோது உங்கள் தந்தை எந்த நாட்டுப் பிரஜை?”

“எந்த நாடும் இல்லை.”

“மலேசியாவில் பிறந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே?”

“அங்கேதான் பிறந்தார். பிரஜை இல்லை. சிவப்பு அட்டை.”

பிரஜைகளுக்கு நீல அடையாள அட்டை, மற்றவர்களுக்குச் சிவப்பு; அந்தப் பெண்ணுக்கு அது தெரியவில்லை. எப்படித் தெரியும்? ‘தெரியாது’ என்று போட்டுக்கொள்ளவா என்று கேட்டார். தெரியும், அதனால்தான் சொல்கிறேன் என்றேன். பிறகு, குறிப்பில் சேர்க்கிறேன், அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டார்.

“ஃபயர்மேன்.”

“ஓ, தீயணைப்பு வீரரா! எவ்வளவு பெருமை,” என்று சொல்லி டைப் செய்தார். நான் திருத்தவில்லை. கிளினிக் வாசலில் ஒரு நோயாளி வந்து நின்றிருந்தார்.

ப்ரியாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் தாத்தாவைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, சிவப்பு வண்டி, ஏணி, தண்ணீர்க் குழாய் எல்லாம் வரைந்துகொண்டு போனாள். டீச்சர் ஒரு நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து காட்டியபோது நான் நன்றாக இருக்கிறது என்றேன். அன்றே சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. சொல்லவில்லை. பிறகு அது அப்படியே நிலைத்துவிட்டது.

என் அப்பா நெருப்பை அணைக்கிறவர் இல்லை. நீராவி இஞ்சினில் நெருப்பை எரிய வைக்கிறவர்.

3

நாங்கள் கிம்மாஸில் இருந்தோம். தெற்கே ஜொகூர் போகும் பாதையும் வடக்கே கோலாலம்பூர் போகும் பாதையும் கிழக்குக் கரைக்குப் போகும் பாதையும் சந்திக்கிற ஜங்ஷன் அது. ரயில்வே குவார்ட்டர்ஸில் வரிசையாக வீடுகள். அப்பா வேலை செய்த இஞ்சின் வகுப்பை எல்லாரும் ‘அம்பத்தாறு’ என்பார்கள். ஸ்காட்லாந்தில் கட்டிக் கப்பலில் கொண்டுவந்தவை. மூன்று சிலிண்டர். ஒவ்வொரு இஞ்சினுக்கும் நம் நாட்டு ஊர் ஒன்றின் பெயர், பக்கவாட்டில் பித்தளைப் பலகையில், மலாய்க்கான அரபு வடிவ ஜாவி எழுத்திலும் ஆங்கிலத்திலும். தெமர்லோ என்ற ஊரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. தெமர்லோ என்றால் எனக்கு ஓர் இஞ்சின்தான்.

அந்த இஞ்சின்களில் கரி போடுவதில்லை. எண்ணெய். அதனால் அப்பா கையில் மண்வெட்டி இல்லை, வால்வுகள். எண்ணெயைக் கூட்டி, நீராவியைக் குறைத்து, புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். “புகை நரைச்ச முடி மாதிரி லேசா வரணும் பாப்பா. கறுப்பா வந்தா எண்ணெய் வீணாவுது, ஒண்ணுமே வராம இருந்தா காத்து அதிகம்,” என்பார். சில மணி நேரத்துக்கு ஒரு முறை நெருப்புக்குள் ஒரு கரண்டி மணலை வீசுவார்கள். அது உள்ளே குழாய்களில் படிந்த கசடைச் சுரண்டிக்கொண்டு வெளியே வரும். அந்த நேரத்தில் மட்டும் வானம் கறுத்துவிடும். குவார்ட்டர்ஸ் பெண்கள் துணி காயப்போட்ட நாளில் இஞ்சின் ஷெட்டில் யாராவது மணல் வீசினால், யார் பெண்டாட்டி யாரைத் திட்டுகிறாள் என்று தெரியாமல் எல்லாரும் எல்லாரையும் திட்டுவார்கள்.

அப்பா கூட வேலை செய்த டிரைவர் செல்லத்துரை மாமா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பாவும் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். மாமா ஆங்கிலப் பள்ளியில் படித்தவர், நீல அட்டைக்காரர். அப்பா தோட்டத்திலிருந்து வந்தவர். பிறந்தபோது தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பதிவு செய்யவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லை.

சுதந்திரம் வந்த புதிதில் ஊர் ஊராக மேஜை போட்டு, பிரஜா உரிமைக்கு எழுதிக்கொண்டார்களாம். அம்மாவை என் தாய்மாமா கூட்டிப்போய் எழுதிவிட்டார். அப்பா அந்த நாளில் கிழக்குக் கரை வண்டியில் போயிருந்தார். திரும்பி வந்தபோது மேஜையை எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் சிகாமாட்டில் போய் எழுதலாம் என்றார். அடுத்த மாதமும் டியூட்டி இருந்தது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் சோம்பேறி இல்லை. அட்டையின் நிறத்தைப் பார்த்து ஒருவனை நாட்டைவிட்டு அனுப்புவார்கள் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது அப்பாதான் அட்டை எடுக்கக் கூட்டிப்போனார். அதிகாரி என் கட்டைவிரலை மையில் உருட்டினார். சில வாரம் கழித்து நீல அட்டை வந்தது. அப்பா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, என்னிடம் கொடுத்தார்.

“பத்திரமா வச்சுக்க,” என்றார்.

4

ஒரு சனிக்கிழமை ஆவணங்களின் நகல்களில் சான்று வாங்க ஒடாஹுஹு நூலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு மேஜையில் சமாதான நீதிபதி ஒருவர் உட்கார்ந்து இலவசமாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். ஃபிஜி இந்தியர், எழுபது வயது இருக்கும். சட்டைப்பையில் மூன்று பேனா.

என் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தார். “கிம்மாஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்னு இருக்கே. ரயில்வே ஆஸ்பத்திரியா?”

“கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. அப்பா ரயில்வே.”

“என்ன வேலை?”

“ஸ்டீம் இஞ்சின் ஃபயர்மேன்.”

“ஆ,” என்றார். “எங்க ஊர்லயும் கரும்பு ஏத்துற சின்ன இஞ்சின் இருந்துச்சு. நெருப்பு பார்க்கிறவரப் பார்த்தா எங்களுக்கு பயம்.” இதை ஆங்கிலத்தில்தான் சொன்னார். அவருடைய தாத்தா தமிழ் பேசினாராம், அவருக்கு ‘வா’, ‘போ’, ‘தண்ணி’ மூன்றும் தெரியும். மூன்றையும் எனக்குச் சொல்லிக் காட்டினார். முத்திரையை அழுத்தி, தேதி போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். வெளியே ஒரு டோங்கா குடும்பம் தங்கள் முறைக்குக் காத்திருந்தது. நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

இங்கே வந்த முப்பத்து மூன்று வருஷத்தில், மனோவைத் தவிர, அப்பாவின் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவர். எனக்கு அதில் சந்தோஷமாக ஏதாவது தோன்றுமா என்று பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பஸ் வந்தது.

5

அறுபத்தொன்பதில் இனக் கலவரம் நடந்த பிறகு சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வாங்க வேண்டும் என்று வந்தது. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போனார்கள். அப்பாவுக்கு மட்டும் வருஷா வருஷம் கிடைத்துக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் இஞ்சின்.

அந்த வேலைக்கு நீல அட்டைக்காரன் யாராவது இருந்தால் சிவப்பு அட்டைக்காரனுக்கு அனுமதி இல்லை. ஆனால் இளைஞர்கள் எல்லாரும் டீசலுக்குப் போகத்தான் பார்த்தார்கள். எண்ணெய்ப் புகையில் நின்று வேக யாரும் வரவில்லை. அதனால் அப்பா இருந்தார். அம்பத்தாறு ஓடுகிற வரைக்கும் அப்பா இருப்பார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

செல்லத்துரை மாமா டீசல் பயிற்சிக்குப் போவதற்கு முன் வீட்டுக்கு வந்தார். அப்பா பசியாறிக்கொண்டிருந்தார்.

“மாணிக்கம், நீயும் எழுதிக் குடு. நான் சூப்பரிண்டனிட்ட கதைக்கிறன்.”

“புத்தகம் இங்கிலீஷ்ல இருக்குங்க. நான் எங்க படிக்கிறது?”

“நான் சொல்லித் தாறன். உனக்கு இஞ்சின் தெரியும். மிச்சம் எல்லாம் கடதாசிதானே?”

“கடதாசிதாங்க எங்கிட்ட இல்ல,” என்றார் அப்பா. சிரித்துக்கொண்டே சொன்னார். மாமா சிரிக்கவில்லை. அம்மா இன்னொரு தேத்தண்ணி போடப் போனார்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக நின்றது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பாய்லருக்கு ஆயுள் முடிந்தது, புதிதாகப் போட வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஒன்றில் சக்கரத்து வளையம் தேய்ந்தது, அதைச் சரிசெய்ய இன்னொன்றிலிருந்து கழற்றினார்கள். கடைசியில் இரண்டும் நின்றன. ஷெட்டுக்குப் பின்னால் புல் முளைத்த தண்டவாளத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நான் பள்ளிக்குப் போகும் வழி அது. பலகைகளை எடுத்த பிறகு எந்த இஞ்சின் எந்த ஊர் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரியும். பூட்டிய கேபினைப் பார்க்காமலே சொல்வார்.

அப்பா வேலைக்குப் போய் வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது. சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. “எத்தன இருக்கு?” என்பார். அப்பா விரலில் காட்டுவார். இரண்டு கை விரல்கள். ஒரு கை விரல்கள். அவர் முகத்தில் அப்போது எந்த மாற்றமும் இருக்காது. ஷிப்ட் நேரத்தைச் சொல்கிற மாதிரி காட்டிவிட்டுக் குளிக்கப் போவார்.

கடைசி வருஷத்தில் சரக்கு வண்டிகளும், பெட்டிகளை இழுத்து மாற்றும் ஷண்டிங்கும், கிழக்குப் பாதையில் வாரம் ஓரிரு ஓட்டங்களும்தான். சில நாள் நெருப்பு ஏற்றி நீராவி வந்த பிறகு, டீசல் கிடைத்துவிட்டது, வேண்டாம் என்று ஆள் வரும். எண்ணெயை அடைத்துவிட்டு, நீராவி தானாக இறங்குகிற வரைக்கும் அப்பா கூடவே உட்கார்ந்திருப்பாராம். நெருப்பை அணைத்த பிறகும் பாய்லரில் அரை நாள் சூடு இருக்கும், விட்டுவிட்டு வர முடியாது என்றார்.

இஞ்சின்கள் இருக்கும் வரை அவர் இருப்பார் என்று நாங்கள் போட்ட கணக்கில் ஒரு பிழை இருந்தது. இஞ்சின்கள் குறைந்தபோது மற்ற ஷெட்டுகளில் மிச்சமான ஃபயர்மேன்களை எங்கள் ஷெட்டுக்கு மாற்றினார்கள். அவர்களில் பலர் நீல அட்டைக்காரர்கள். இப்போது ஒரு இருக்கைக்கு மூன்று பேர். அந்த வருஷம் அப்பா சிரம்பானில் அனுமதி ஆபீசுக்குப் போய்விட்டு மாலை வண்டியில் திரும்பினார். செருப்பை வாசலில் விட்டார்.

“குடுக்கல,” என்றார்.

அம்மா, “அடுத்த மாசம் வரச் சொன்னாங்களா?” என்று கேட்டார்.

“இல்ல. குடுக்கல.”

அப்போது ஷெட்டில் நீராவியோடு நான்கு அம்பத்தாறு இருந்தன. அப்பா போய் இரண்டு வருஷம் கழித்தும் அவற்றில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதைச் சொல்வதில் இப்போது வருத்தமோ கோபமோ இல்லை. நடந்தது அது.

6

வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். அம்மா என்னையும் இரண்டு தம்பிகளையும் கூட்டிக்கொண்டு தாய்மாமா இருந்த தோட்டத்துக்குப் போவது, மறுபடி ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது. அப்பா விழுப்புரம் பக்கத்தில் தன் தகப்பனாரின் ஊருக்குப் போவது. அவர் அதுவரை பார்த்திராத ஊர். ஆறு மாதத்தில் நிலைமை மாறும், திரும்பி வரலாம் என்று பேசிக்கொண்டார்கள். அம்மா தானும் வருவதாகச் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அம்மா பிறந்ததிலிருந்து அங்கே இருப்பவர், நீல அட்டை வேறு. அதைவிட்டு எங்கே வருவார்?

கிள்ளான் துறைமுகத்தில் கப்பல். தாய்மாமா கூடப் போனார். நாங்கள் கிம்மாஸ் ஸ்டேஷனோடு சரி. ஒரு தகரப் பெட்டி, ஒரு துணி மூட்டை. வண்டி வந்தது, டீசல். கிம்மாஸில் நிறைய நேரம் நிற்கும். அப்பா பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, “யார் ஓட்டுறதுன்னு பார்த்துட்டு வரேன்,” என்று முன்னால் நடந்தார்.

செல்லத்துரை மாமாதான் ஓட்டினார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. மாமா ஜன்னலில் குனிந்து பேசினார். அப்பா தலையை நிமிர்த்திப் பேசினார். என்னமோ கேட்டார், மாமா கையைக் காட்டி விளக்கினார். அப்பா ஒரு காலைப் படியில் வைத்து எட்டிப் பார்த்தார். பெரிய தம்பி, “அப்பா ஏன் வரல?” என்று கேட்டான். சிக்னல் விழுந்தது. கார்டு விசில் ஊதினார். அப்பா ஓடி வந்தார். எங்களைத் தாண்டி ஓடித்தான் அவருடைய பெட்டிக்குப் போக வேண்டும். ஓடுகிற வேகத்தில் சின்னத் தம்பியின் தலையைத் தொட்டார். ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது வண்டி நகர்ந்துவிட்டது.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று பல வருஷம் கழித்து செல்லத்துரை மாமாவிடம் கேட்டேன். நான் அப்போது கோலாலம்பூரில் நர்ஸ். அவர் ரிட்டயர் ஆகியிருந்தார்.

“பிரேக் எப்பிடி வேலை செய்யுது எண்டு கேட்டவர்,” என்றார். “நான் சொல்லிக் குடுத்தனான். அவருக்கு உடனே விளங்கீற்றுது.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“இல்லைப் பிள்ளை. அதைத்தான் கதைச்சனாங்கள்.”

அப்பா மாதம் ஒரு கடிதம் போட்டார், பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. ஒன்றில், இங்கேயும் நம்ம ஊர் மாதிரி மீட்டர் கேஜ் பாதைதான், விழுப்புரம் ஸ்டேஷனில் நீராவி இஞ்சின் நிறைய ஓடுகிறது, ஆனால் கரி போடுகிறார்கள் என்று எழுதினார். இன்னொன்றில், ஒரு டிரைவரிடம் நான் மலாயாவில் ஃபயர்மேன் என்று சொன்னேன், எண்ணெயில் ஓட்டினோம் என்றேன், நம்பவில்லை என்று எழுதினார். ரயில்வேயில் வேலை கேட்டாரா என்று தெரியாது. ஒரு அரிசி மில்லில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் வருஷம், அவர் இறந்துவிட்டார் என்று தந்தி வந்தது. நான் நர்சிங் பயிற்சியில் இருந்தேன். வார்டன் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார். லீவு வேண்டுமா என்று கேட்டார். போக முடியாத ஊருக்கு லீவு எதற்கு? மதிய ஷிப்டுக்குப் போனேன். அன்றைக்குப் பதினோரு பேருக்கு ஊசி போட்டேன்.

7

போன மாதம் மனுகாவில் ஒரு மண்டபத்தில் குடியுரிமை விழா நடந்தது. எனக்கு ஒரு பக்கம் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஐ.டி. பையன், மறுபக்கம் ஒரு சமோவா தாத்தா, பூ மாலையோடு. எழுந்து நின்று எல்லாரும் சேர்ந்து அரசருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சொன்னோம். பெயர் கூப்பிட்டதும் மேடைக்குப் போய்ப் பத்திரம் வாங்கினேன். மனோ போட்டோ எடுத்தார். பிறகு மாவோரியிலும் ஆங்கிலத்திலும் தேசிய கீதம். கோயம்புத்தூர்ப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “வாழ்த்துகள் ஆன்ட்டி,” என்றான். நானும் வாழ்த்துச் சொன்னேன். சாண்ட்விச் நன்றாக இருந்தது.

மலேசியக் குடியுரிமையை விடுகிற ஃபாரம் வேறு. அதற்கு வெலிங்டனில் உள்ள மலேசியத் தூதரகத்துக்கு அனுப்ப வேண்டியவை: பாஸ்போர்ட், பிறப்புப் பத்திரத்தின் அசல், நீல அடையாள அட்டை. திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன் ஒடாஹுஹுவில் தபால் கவுண்டர் உள்ள ஒரு கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் உறையை எடை பார்த்தாள்.

“உள்ளே என்ன?”

“டாக்குமெண்ட்ஸ்.”

“கையெழுத்து வாங்கிக் கொடுக்கணுமா?”

“ஆமா.”

ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, பின்னால் இருந்த கூடையில் போட்டாள். அடுத்தவரைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். அந்த நீல அட்டை மாதிரி ஒன்று மட்டும் அப்பாவின் சட்டைப்பையில் இருந்திருந்தால் அவர் கிம்மாஸிலேயே இருந்து, கிழவராகி, எங்கள் கையில் செத்திருப்பார். நான் அதை ஒரு உறையில் போட்டு அனுப்பிவிட்டு, கிளினிக்குக்குப் போய், ஃப்ளூ ஊசிக்கு வந்தவர்களின் பெயரைப் பதிந்தேன்.

மாலையில் ப்ரியா கூப்பிட்டாள். அனுப்பிவிட்டேன் என்றேன். அவளுக்கு நிம்மதி.

“தாத்தா தீயணைப்பு வீரர் இல்லை,” என்றேன்.

“என்ன?”

சொன்னேன். இஞ்சின், எண்ணெய், சிவப்பு அட்டை, கப்பல். இருபது நிமிஷம் ஆயிற்று. பிறகு, “உங்களில் யாரும் ஏன் அவரோடு போகவில்லை?” என்று கேட்டாள்.

மனோவுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. அதை அவளிடம் சொன்னேன். இதுவரை இங்கே எழுதவில்லை, இப்போது எழுதிவிடுகிறேன். போவதற்கு நான்கு நாள் முன்னால் அப்பா ஷெட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். பூட்ஸையும் விளக்கையும் திருப்பிக் கொடுக்க. திரும்பும் வழியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று, “பாப்பா, நீ மட்டும் என்கூட வரியா?” என்று கேட்டார். எனக்கு வயது பதினான்கு.

“நீ என்ன சொன்னாய்?” என்றாள் ப்ரியா.

“அடுத்த வாரம் ஸ்போர்ட்ஸ் டே, நான் ரிலேயில ஓடுறேன்னு சொன்னேன்.”

“அவர்?”

“சரின்னார். மறுபடி கேக்கல.”

ப்ரியா நீளமாக மூச்சு விட்டது கேட்டது. நீ குழந்தை, பதினான்கு வயது, அது உன் தவறில்லை என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்தது.

“ஜெயித்தீர்களா?” என்று கேட்டாள்.

“மூணாவது வந்தோம்,” என்றேன்.